கைக்குள் ஒரு துரும்பு

ஹெய்லா கொண்டுவந்த மூன்றாவது துரும்பையும் ஃபோல்கார்ட் விரலால் நெருடிப் பார்த்துவிட்டுப் படுக்கைக்கு வெளியே போட்டார். முதலாவது கோழிக்கூட்டிலிருந்து எடுத்தது. இரண்டாவது பழைய தேன்கூடையிலிருந்து பிரித்தது. இது அவருடைய வெயில் தொப்பியின் விளிம்பிலிருந்து அவள் கத்தியால் அறுத்தெடுத்தது.

"கணு இருக்கணும்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். "கணு இல்லாதது துரும்பு இல்ல. குப்பை."

அடுப்பில் பார்லிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த வீவா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இருபது வருடமாகச் சமைப்பவள், யாருக்கும் பயந்தவள் இல்லை. "பொண்ணு பாக்கப் போனப்ப இவ்வளவு நோட்டம் பாத்திருப்பாரா உங்கப்பா? துரும்புக்குப் பாக்குறாரு."

"காது இன்னும் சாகல, வீவா."

"அதுக்குத்தான் சத்தமா சொன்னேன்."

ஹெய்லா ஏணியை எடுத்துப் பரணில் சாத்தினாள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வைக்கோல் என்று ஒன்றும் மிச்சமில்லை. தரையில் கோரை, மெத்தைக்குள் நாணல் பூ, கூரையிலும் நாணல். ஆனால் பரணில், முகட்டு உத்தரத்தில், போன அறுவடையின் கடைசிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக அறுத்த ரை என்னும் தானியத்தின் கதிரை அவிழ்க்காமல் அடுத்த விதைப்புவரை கூரைக்குக் கீழே வைத்திருப்பார்கள். கட்டியவன் அவளுடைய கணவன் லாம்பின். இரட்டை முடிச்சுப் போடுவான், யாராலும் அவிழ்க்க முடியாது. இந்த வருடம் விதைப்பு இல்லை. அவள் முடிச்சைத் தொடாமல், நடுவிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவினாள்.

கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் தெரிந்தது. ஐந்தாவது மாதம். கடல் ஓதம் இறங்கும்போது சாம்பல் நிறச் சேறு, ஏறும்போது வேலிக் கம்பங்களின் தலைகள். அந்தக் கம்பங்களை எண்ணியே எது கீழ்ப்பட்டி, எது பார்லி வயல் என்று அவளால் சொல்ல முடியும்.

நவம்பரில், மார்ட்டின் புனிதர் திருநாளுக்கு மறுநாள் பகலில் அது நடந்தது. காற்றும் பௌர்ணமி ஓதமும் சேர்ந்துகொண்டு கோஸ்வின் பிரபுவின் பக்கத்து அணைக்கரையை முட்டின. கரைக்கு அந்தப் பக்கம் அவருடைய கோதுமை, அவருடைய நாற்பது வீடுகள். கோஸ்வின் தன் சிற்றன்னை மகன் சீகரைப் பன்னிரண்டு மண்வெட்டிகளோடு அனுப்பினார். சீகர் ஃபோல்கார்டின் நிலத்துப் பக்கமாகக் கரையை வெட்டிவிட்டான். தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது.

அந்த ஊர்க் கோயில் மணி இரண்டுக்குத்தான் அடிக்கும், சாவுக்கும் தண்ணீருக்கும். சாவுக்கு ஆண் என்றால் மும்மூன்று அடி. தண்ணீருக்கு நிறுத்தாமல் அடிப்பார்கள். அன்றைக்கு மணி அடிக்கவில்லை. சீகர் முதலில் போனது கரைக்கு இல்லை, கோயிலுக்கு. பாதிரியார் லெட்பெர்ட் சாமியிடம் மணிக்கூட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கரைக்குப் போனான். கீழ்ப்பட்டியில் மூன்று வீடுகளைச் சேர்ந்த பதினோரு பேர் இருந்தார்கள். சினை ஆடுகளைப் பார்க்கப் போன லாம்பினோடு பன்னிரண்டு. மூன்று நாள் கழித்து அவனைக் கண்டெடுத்தபோது அவன் விரல்கள் ஒரு ஆட்டின் கம்பளிக்குள் பின்னிக்கொண்டிருந்தன. ஆட்டையும் சேர்த்துத்தான் தூக்கிவர முடிந்தது.

ஃபோல்கார்ட் குளிர்காலம் முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். பிரபு நேரில் வந்து, மணி ஏன் அடிக்கவில்லை என்று தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பிரபு வரவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு ஒரு பீப்பாய் உப்பு மீன் வந்தது. வீவா அதை வாசலிலேயே வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு நாய்கள் தின்றன.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் அவருக்கு நெஞ்சுக்குள் சளி கட்டியது. அப்போது கோட்டையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. ஃபோல்கார்டுக்குப் பிறகு, பிரபு கொடுத்த மானிய நிலத்துக்கு ஒரு ஆண் வேண்டும். அதனால் ஹெய்லாவைச் சீகருக்குக் கொடுப்பதாகப் பிரபு முடிவு செய்திருக்கிறார். இதைக் கொண்டுவந்தவர் வால்கின். அவரும் கோஸ்வினின் ஆள், பக்கத்து மானியம் அவருடையது, ஃபோல்கார்டோடு முப்பது வருடம் ஒரே சண்டைகளுக்குப் போனவர். சொல்லி முடிக்கும்வரை அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் மறுத்துப் பேச முடியாது. பிரபுவின் ஆளாக ஒருவன் செத்தால் அவனுடைய நிலமும் பெண் வாரிசைக் கட்டிக்கொடுக்கும் உரிமையும் பிரபுவிடம் திரும்பிப் போகும். அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அவனுக்கு. தப்ப ஒரு வழிதான் இருந்தது. உயிரோடிருக்கும்போதே அந்த ஆள் தன் சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரபுவின் நேரில், தன் கையாலேயே ஒரு துரும்பை அவரிடம் சேர்த்து, வாயால் சொல்லி, இன்னொரு மானியக்காரன் அதைப் பார்த்திருக்க வேண்டும். நிலம் போய்விடும். பெண் மிஞ்சுவாள்.

இதை ஃபோல்கார்டிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் துணியவில்லை. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் அவர் கோஸ்வினின் அப்பாவான பெரிய பிரபுவின் கைகளுக்குள் தன் கைகளைக் கூப்பி வைத்து, புனிதரின் பல் இருந்த பெட்டிமேல் சத்தியம் செய்தவர். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் கோஸ்வினின் கைகளுக்குள் மறுபடி வைத்தார். அந்தக் கைகளுக்குக் குதிரையின் கடிவாளம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். சத்தியத்தை முறித்தவன் எங்கே போவான் என்று கோயில் சுவரில் சிவப்பு மையால் எழுதியிருந்த படத்தை அவர் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்திருக்கிறார்.

அன்று காலையில் கண் திறந்ததும், "ஒரு துரும்பு எடுத்துட்டு வா," என்றார். ஹெய்லா ஒன்றும் கேட்காமல் கோழிக்கூட்டுக்குப் போனாள்.

இப்போது அவள் கொண்டுவந்த ரைத்தாளை அவர் வாங்கி, கணுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உதட்டருகே கொண்டுபோய் முகர்ந்தார். எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பளிக்குள் வைத்துக்கொண்டார்.

விடிந்ததும் பிரபுவை அழைக்கக் கோட்டைக்குப் போயிருந்த வால்கின் பத்து நாழிகைக்குத் திரும்பி வந்தார். அப்போது லெட்பெர்ட் சாமி நோயாளிக்கு எண்ணெய் பூசி முடித்து, சிமிழை மூடிக்கொண்டிருந்தார். வால்கின் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

பிரபு நாளைக்கு வருகிறாராம். குதிரையின் குளம்பில் ஏதோ கோளாறாம்.

"எந்தக் குதிரை?" என்று கேட்டார் ஃபோல்கார்ட்.

"அதான்டா, அந்தக் கறுப்பு. நான் பாக்கும்போது நாலு கால்லயும் நல்லாத்தான் நின்னு தின்னுக்கிட்டிருந்துச்சு." வால்கின் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார். "சீகர் வாசல்ல உக்காந்து ஒரு குச்சியோட பட்டையைச் சீவிக்கிட்டிருக்கான். வெள்ளைக் குச்சி."

நிலத்தைக் கைமாற்றும்போது பிரபு கொடுக்கிற குச்சி அது. எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்," என்றார் ஃபோல்கார்ட். அப்போதும் அவர் மரியாதையை விடவில்லை.

வால்கின் தொடையைத் தடவிக்கொண்டார். என்ன செய்வது, அவர்கள் உப்பைத் தின்றவர்கள் நாம், என்கிற மாதிரி ஏதோ முனகினார்.

"தின்னோம், தின்னோம்," என்றாள் வீவா. "போய் வெளிய பாருங்க. வயல் முழுக்க அவங்க உப்புதான் நிக்குது."

அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிந்த சதுப்புக் கட்டி சரிந்து விழுந்தது. ஹெய்லா அப்பாவின் மூச்சுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து எண்ண முடிந்தது. காலையில் மூன்றுதான் இருந்தது.

"சாவு மணி அடிச்சா வருவாரு," என்றாள்.

வால்கின் தொப்பியைக் கழற்றினார். ஃபோல்கார்ட் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை சாமியிடம் போனது.

லெட்பெர்ட் சாமி சிமிழைத் துணியில் சுற்றினார், மறுபடி பிரித்தார், மறுபடி சுற்றினார். "உயிரோட இருக்கறவருக்கு சாவு மணி அடிக்கிறது பொய்ச்சாட்சி, ஹெய்லா. அந்த மணியை மந்திரிச்சிருக்கு."

"அன்னைக்கு அடிக்காம விட்டது எந்தச் சாட்சி, சாமி?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அவர் காதுகள் சிவந்தன. நல்ல மனிதர்தான். அந்தப் பன்னிரண்டு பேரையும் குளிர்ந்த மண்ணைத் தானே வெட்டிப் புதைத்தவர். சற்று நேரம் கழித்து இடுப்புக் கயிற்றிலிருந்து மணிக்கூட்டுச் சாவியை அவிழ்த்து, கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி முழந்தாளிட்டு, வழக்கத்தைவிடச் சத்தமாக வேதத்திலிருந்து சங்கீதம் படிக்க ஆரம்பித்தார்.

கோயில் மேட்டுக்குப் பலகைப் பாதையில் போக வேண்டும். இருபக்கமும் தண்ணீர். மணிக்கயிறு ஈரத்தில் விறைத்திருந்தது. அவள் மூன்று அடித்து நிறுத்தினாள், மூன்று அடித்து நிறுத்தினாள், மறுபடி மூன்று. ஒன்பது அடிகளில் நான்காவதை மட்டும் பிற்பாடு எவ்வளவு முயன்றும் அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. ஒன்பது முடிந்த பிறகும் கை கயிற்றை விடவில்லை. விடாமல் அடித்தால் என்ன என்று அந்தக் கை கேட்டது. நாற்பது வீடுகளும் வெளியே ஓடிவரும்வரை, தோள் கழன்று போகும்வரை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து பிரித்தாள். இன்றைக்கு அடிக்க வேண்டியது ஒன்பதுதான்.

திரும்பி வரும்போது விலாங்கு பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர் போய்விட்டாரா என்று ஒருவன் கேட்டான்.

"வந்து பாருங்க," என்றாள். அவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

வீட்டில் வால்கினும் வீவாவும் அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வீவா ஈரச் சீப்பால் அவர் தாடியை வாரினாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்றாள். அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இடைவெளி இப்போது எட்டு. ஒரு தடவை பதினொன்று வரை போனது. ஹெய்லா எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

வால்கின் குனிந்து அவர் காதோடு பேசினார். "டேய், கொஞ்சம் இரு. உனக்காகத்தான் வந்துகிட்டிருக்கான். நொண்டிக் குதிரையை வேற ஓட்டிக்கிட்டு வர்றான், பாவம்."

ஃபோல்கார்டின் தோள் குலுங்கியது. சிரிப்பா இருமலா தெரியவில்லை. பிறகு அவர் ஒரு விரலை உயர்த்தினார். அவருக்குத்தான் முதலில் கேட்டது. பலகைப் பாதையில் குளம்புகள்.

"இன்னும் இடது பக்கம் சாஞ்சுதான் உக்கார்றாரு," என்றார். "எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

கோஸ்வின் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது, அகலமான முகம். அந்த முகத்தில் துக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தார். பின்னால் சீகர், கையில் வெள்ளைக் குச்சி. படுக்கையில் உட்கார்ந்து தங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரைக் கண்டதும் இருவரும் நின்றார்கள்.

"வாங்க பிரபு," என்றாள் வீவா. "நேரத்துக்கு வந்துட்டீங்க. கஞ்சி சூடா இருக்கு."

"மணி அடிச்சது யாரு?"

"நான்," என்றாள் ஹெய்லா.

கோஸ்வின் சுவரோரம் முழந்தாளிட்டிருந்த சாமியின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு சங்கீதம் படித்துக்கொண்டிருந்தது. வாசலை மறித்து விலாங்குக்காரர்கள் நின்றார்கள். இனித் திரும்பிப் போக முடியாது என்று அவருக்குப் புரிந்திருக்கும். வந்தது வந்தாயிற்று என்று படுக்கைப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததில் கொஞ்சம் பழைய பழக்கமும் இருந்தது. சின்ன வயதில் அந்த முக்காலியில்தான் உட்கார்ந்து ஈரக் காலுறைகளைக் காய வைப்பார்.

"என்ன கேக்கணுமோ கேளுங்க, பெரியவரே."

"கேட்டாச்சு, பிரபு. ரெண்டு தடவ சொல்லி அனுப்பினேன்."

கோஸ்வின் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அவர் பேசியது மோசமான பேச்சில்லை. அன்றைய காற்றைச் சொன்னார், கரையில் விரிசல் விட்டதைச் சொன்னார். தானே அங்கே நின்றதையும், முடிவெடுக்க ஒரு ஜெபம் சொல்கிற நேரம்கூட இல்லாததையும் சொன்னார். "அந்தப் பக்கம் நாப்பது வீடு. இந்தப் பக்கம் மூணு. நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வெட்டியிருப்பேன்," என்றார் ஃபோல்கார்ட்.

வால்கின் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கோஸ்வினின் முகம் இளகியது.

"மணியடிச்சிட்டு வெட்டியிருப்பேன்."

சங்கீதம் நின்றுவிட்டது.

"மணி அடிச்சிருந்தா," என்றார் கோஸ்வின் மெதுவாக, "நீங்க எல்லாரும் மண்வெட்டியோட கரையில வந்து நின்னிருப்பீங்க."

"நின்னிருப்போம்." நீண்ட இடைவெளி. "கத்தியிருப்போம். அப்புறம் ஆடுகளை ஓட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிருப்போம். உங்க ஆளுங்கதான நாங்க. எங்க போயிடப் போறோம்?"

கோஸ்வின் குனிந்து தரைக் கோரையைப் பார்த்தபடி இருந்தார். சீகர் குச்சியால் தன் பூட்ஸைத் தட்டினான். அந்தச் சத்தத்தில் பிரபு தலையைத் தூக்கினார், அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். ஒரு மானியக்காரர், ஒரு பாதிரியார், ஊர்க்காரர்கள். பிற்பாடு அவர் உரிமையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் அடைக்க இவ்வளவு சாட்சி போதும் என்று அந்த நேரத்தில்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு கையுறைகளையும் கழற்றிச் சீகரிடம் கொடுத்தார். வெறும் கையால்தான் அதைச் செய்ய வேண்டும்.

"நடந்தது நடந்துபோச்சு. கையைக் குடுங்க, பெரியவரே. எல்லார் முன்னாலயும். என் ஆளாவே போங்க."

ஃபோல்கார்ட் கம்பளிக்குள்ளிருந்து கைகளை எடுத்தார். இரண்டும் கூப்பியிருந்தன. ஹெய்லா அடுப்பு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பணிவு. பெரிய பிரபு உயிரோடிருந்த காலத்திலிருந்து அவள் பார்த்து வளர்ந்தது. கோயில் சுவரில் சிவப்பு மை. பழகின கை தானாகவே கூப்பிவிட்டது என்று நினைத்தாள். சீகர் இப்போது வெளிப்படையாகவே அவளைப் பார்த்தான், தலைமுதல் கால்வரை.

கோஸ்வின் தன் பெரிய கைகளால் அந்தக் கைகளை மூடினார். மூடிய உடனே அவர் புருவம் சுருங்கியது. ஏதோ நெருடியது.

"இந்தாங்க, உங்க சத்தியம்," என்றார் ஃபோல்கார்ட். குரல் கரகரத்தது, ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது. "எடுத்துக்கிட்டுச் சாக மாட்டேன். உங்ககிட்டயே இருக்கட்டும். நான் உங்க ஆள் இல்ல."

ஒரு கையை இடப்பக்கமும் ஒரு கையை வலப்பக்கமும் உருவிக்கொண்டார். கோஸ்வினின் உள்ளங்கையில் ரைத்தாள் கிடந்தது. நடுவில் கணு.

முதலில் சிரித்தவன் சீகர். "படுக்கை வைக்கோல் கிழவன் கையில ஒட்டியிருக்கு. இதுக்குப் போய்."

அது நல்ல வழிதான். கோஸ்வின் அதைப் பிடித்துக்கொண்டார். கையை மூடாமல், திறந்தபடியே, வால்கின் பக்கம் திரும்பினார். "வால்கின். நீ என்ன பாத்த?"

வால்கினுக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த மானியத்தைத் தவிர வேறு நிலமில்லை. அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். தன் செருப்பைப் பார்த்தார். ஹெய்லாவால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவள் அவருடைய தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல வைக்கோல் கிடையாது, பிரபு," என்றார் வால்கின். "தரையில கோரை. மெத்தையில நாணல். அது ரை. அவன்தான் குடுத்தான். பாத்தேன். சொன்னதையும் கேட்டேன்."

"நீ என் ஆள்."

"ஆமா பிரபு. உங்ககிட்ட பொய் சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணவன்."

வாசலில் ஒரு விலாங்குக்காரன் இருமினான். லெட்பெர்ட் சாமி சுவரிலிருந்து திரும்பி, முழந்தாளிட்டபடியே, தானும் கேட்டதாகச் சொன்னார்.

கோஸ்வின் எழுந்தார். குரல் தடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். தன் ஆள் இல்லாதவனுக்குத் தன் மண்ணில் இடமில்லை, கல்லறைகள் உள்ள கோயில் முற்றமும் தன் மண்தான் என்றார். இதைச் சொல்லும்போது சாமியைப் பார்த்துச் சொன்னார். ஹெய்லா தலையசைத்தாள். வெள்ளத்துக்கு அந்தப் பக்கம், மடத்து நிலத்தில், அவள் தாய்மாமன் இருந்தார். மடத்து மண்ணில் கோஸ்வினுக்குக் குச்சி கிடையாது.

அவர் நிலைப்படியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"போயிட்டு வா, தம்பி. இடது பக்கம் சாயாம உக்காரு."

முப்பத்தோரு வருடத்தில் பிரபு வீட்டார் ஒருவரை ஃபோல்கார்ட் அப்படிக் கூப்பிட்டது முதல் தடவை. கோஸ்வின் நின்றார், திரும்பவில்லை.

ஹெய்லா வாசல்வரை போய்ப் பார்த்தாள். அவர் குதிரை ஏறியபோது வலது கை மூடியிருந்தது. அந்தத் துரும்பைக் கீழே போடவும் அவரால் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு கையால் கடிவாளம் பிடித்து, மூடிய கையை மார்போடு வைத்துக்கொண்டு, பலகைப் பாதையில் போனார். இடது பக்கம் சாய்ந்துதான் போனார். சீகர் குச்சியை மறந்து சுவரோரமே விட்டுவிட்டான். வீவா அதை இரண்டாக முறித்துக் கஞ்சிப் பானைக்கு அடியில் நெருப்பில் செருகினாள். பச்சைக் குச்சி, புகைந்தது.

ஓதம் இறங்க ஆரம்பித்த நேரத்தில் ஃபோல்கார்ட் போனார். கடைசி இடைவெளி எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை.

வீவா அழுதுகொண்டே உடம்பைக் கழுவினாள், திட்டிக்கொண்டே போர்த்தினாள். துணியைத் தைப்பதற்கு முன்னால் வழக்கப்படி கைகளைக் கூப்பி மார்பில் வைத்துக் கட்டப் போனாள். சாமி நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

"வேண்டாம்," என்றாள் ஹெய்லா.

"கூப்பாம எப்படி அனுப்புறது? ஆண்டவர் முன்னால போய் நிக்கிறவரு."

"அவருக்குத் தெரியும் எப்படி நிக்கணும்னு."

அவள் அப்பாவின் வலது கையை வலது பக்கமும், இடது கையை இடது பக்கமும் வைத்தாள். விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்தன. அவற்றை நீவி, உள்ளங்கை மேலே தெரிய விட்டாள். லெட்பெர்ட் சாமி கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சதுப்புக் கட்டி ஏற்றுகிற தட்டைப் படகில் அவரை வைத்தார்கள். வால்கினும் விலாங்குக்காரர்களும் தூக்கினார்கள். வால்கின் முழங்கால் ஆழம் வரை தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டார். அதற்குமேல் அவர் வரக் கூடாது. "சித்தப்பா, ஈரத்துல நிக்காதீங்க," என்றாள் ஹெய்லா. அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.

வீவா படகின் முனையில், மடியில் கோழியோடு, கால்களுக்கு நடுவே தணல் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஹெய்லா கழியை ஊன்றினாள். பரணிலிருந்த கதிர்க்கட்டை அவள் அவிழ்க்காமலே இறக்கி அப்பாவின் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

பார்லி வயலைத் தாண்டும்போது மணி அடித்தது. மூன்று. பிறகு மூன்று. பிறகு மூன்று. வீவா சிலுவைக் குறி போட்டாள். ஹெய்லா கழியைத் தண்ணீருக்குள் விட்டபடி காத்திருந்தாள்.

பத்தாவது அடி விழுந்தது. பதினொன்று, பன்னிரண்டு. மணி நிற்கவில்லை, தண்ணீருக்கு அடிப்பது போல.

கரைக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு கதவு திறந்தது, பிறகு நாலைந்து. ஆட்கள் வெளியே வந்து தண்ணீர் எங்கே என்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். கோட்டைப் பக்கமிருந்து இரண்டு பேர் கோயிலை நோக்கிக் குதிரையை விரட்டினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சாமிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு," என்றாள் வீவா.

ஹெய்லா கழியை ஊன்றினாள். அடியில் மரம் இடித்தது. கீழ்ப்பட்டியின் வாசல் கம்பம். அதில் கழியை முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் வைத்து அவள் தள்ளினாள். படகு நகர்ந்தது.